குற்றம் இழைத்தல் என்பதன் சட்டப்பொருள்: பழனி கவுண்டன் வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தீய விளைவு ஒன்று நேர்ந்துவிட்டது என்பதனாலேயே அதற்குக் காரணமானவர் குற்றம் இழைத்தவராகிவிடுவதில்லை. சட்டம் விலக்கிய செயலும், சட்டம் குறிப்பிடும் மனநிலையும் அவரிடத்தில் ஒருங்கே அமைந்திருத்தல் வேண்டும் என்பது குற்றவியல் சட்டத்தின் அடிப்படை. இவ்விரண்டும் வெவ்வேறு நேரங்களில் நிகழும்போது எழும் சிக்கலைச் சென்னை உயர் நீதிமன்றம் 1919 முதல் 1943 வரை வழங்கிய மூன்று தீர்ப்புகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ள இன்றைய நிலையிலும் இத்தீர்ப்புகள் எழுப்பிய வினா முடிவுபெறவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: குற்றச்செயல், குற்றமனம், உடனிகழ்வு, மரணம் விளைவிக்கும் குற்றம், சென்னை உயர் நீதிமன்றம்

முன்னுரை

தமிழில் ‘குற்றம்’ என்னும் சொல் பரந்த பொருளுடையது. செய்யுளில் காணப்படும் வழுவும் குற்றம். நட்பில் நேரும் பிழையும் குற்றம். ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்பும் செயலும் குற்றம். சட்டம் இத்தகைய விரிவை ஏற்பதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 40ஆவது பிரிவும், அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 2ஆவது பிரிவும், சட்டத்தால் தண்டனைக்குரியதாக்கப்பட்டதே குற்றம் என்று வரையறுக்கின்றன. ஒரு செயல் எவ்வளவு இழிவானதாயினும் அதனைத் தண்டனைக்குரியதாக்கும் சட்டம் அது நிகழ்ந்த நாளில் இல்லையெனில் குற்றம் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 20(1) உறுப்பு இதனை அடிப்படை உரிமையாகவே உறுதிசெய்துள்ளது.

இவ்வரையறை எது குற்றம் என்பதற்கு விடை கூறுகிறது. ஒருவர் எப்போது அதனை ‘இழைத்தவர்’ ஆகிறார் என்பது வேறு வினா. நடைமுறையில் வழக்குகள் பெரும்பாலும் இரண்டாம் வினாவில்தான் வெல்லவோ தோற்கவோ செய்கின்றன. ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். அவளைத் தூக்கில் தொங்கவிட்டவன் கணவன். அவன் அதனை ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். இவ்வளவு உறுதியான நிலையிலும் அவன் கொலைகாரன் அல்லன் என்று ஒரு முழு ஆயம் முடிவு செய்யக்கூடும் என்றால், ‘இழைத்தல்’ என்பதன் பொருள் எளிமையானதன்று.

செயலும் செய்யாமையும்

ஆங்கிலப் பொதுச் சட்ட மரபு குற்றத்தை இரு கூறுகளாகப் பிரித்துக் காண்கிறது. புறத்தே நிகழ்வது ‘ஆக்டஸ் ரியஸ்’ எனப்படும் குற்றச்செயல். அகத்தே அமைவது ‘மென்ஸ் ரியா’ எனப்படும் குற்றமனம். இந்திய தண்டனைச் சட்டம் இவ்விரு இலத்தீன் தொடர்களையும் பயன்படுத்தவில்லை என்பது கருதத்தக்கது. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் வரைந்தளித்து, 1860இல் சட்டமான அத்தொகுப்பு, ஒவ்வொரு குற்றத்தின் வரையறைக்குள்ளேயே அதற்குரிய மனநிலையை வைத்துவிட்டது. ‘உள்நோக்கத்துடன்’, ‘அறிந்தே’, ‘நேர்மையற்று’, ‘மோசடியாக’, ‘முரட்டுத்தனமாகவோ கவனக்குறைவாகவோ’ என்று வெவ்வேறு குற்றங்களுக்கு வெவ்வேறு மனநிலைகள் உள்ளன. திருட்டில் நேர்மையற்ற உள்நோக்கம் இல்லையெனில் திருட்டே இல்லை. பிறர் குடையைத் தன் குடை என மெய்யாக எண்ணி எடுத்துச் சென்றவர் திருடவில்லை.

செயல் என்பது கை கால்களின் அசைவு மட்டும் அன்று. சட்டப்படி செய்தாக வேண்டியதைச் செய்யாது விடுவதும் செயலாகவே கொள்ளப்படும் (இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 32). ஓம் பிரகாஷ் எதிர் பஞ்சாப் மாநிலம் (1961) வழக்கில் ஒரு கணவன் தன் மனைவியை வீட்டிலேயே அடைத்துவைத்து, உணவு கொடுக்காமல் மெலியச் செய்தான். அவள் தப்பி வெளியேறி உயிர்பிழைத்தாள். அவன் அவளைக் குத்தவோ நஞ்சூட்டவோ இல்லை. எனினும் அது கொலைமுயற்சியே என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. தொடர்ச்சியான பல செயல்கள் சேர்ந்து ஒரு ‘செயல்’ ஆகலாம் என்ற 33ஆவது பிரிவின் விதி இங்கு நினைக்கத்தக்கது. இவ்விதி பின்னர் நாம் காணவிருக்கும் சிக்கலிலும் தலைகாட்டும்.

எண்ணம் மட்டும் குற்றமாவதில்லை. எண்ணத்திலிருந்து ஆயத்தம், ஆயத்தத்திலிருந்து முயற்சி, முயற்சியிலிருந்து நிறைவு எனச் செயல் வளர்கிறது. பொதுவாக முயற்சி என்னும் படியில்தான் சட்டம் கைவைக்கிறது. மல்கியத் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில், உரிமமின்றி மாநிலத்திற்கு வெளியே கொண்டுசெல்ல நெல் ஏற்றிய லாரி, எல்லையைத் தொடுவதற்கு முன்பே சமால்கா சோதனைச்சாவடியில் நிறுத்தப்பட்டது. ஓட்டுநர் மனம் மாறித் திரும்பிவிட இன்னும் வாய்ப்பு இருந்தது என்பதால் அது ஆயத்தமே, முயற்சியன்று என உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

குற்றமனம்: விதியும் விலகலும்

குற்றமனம் வேண்டும் என்பது சட்டத்தில் வெளிப்படையாகக் கூறப்படாத இடங்களில் என்ன செய்வது? இதற்கு உச்ச நீதிமன்றம் சற்றேறக்குறைய ஒரே காலப்பகுதியில் இரு வேறு விடைகளை அளித்தது. மகாராஷ்டிர மாநிலம் எதிர் எம்.எச். ஜார்ஜ் வழக்கில், 1962 நவம்பரில் சூரிச்சிலிருந்து மணிலாவுக்குச் சென்ற ஜெர்மானியப் பயணி ஒருவர் 34 கிலோ தங்கத்தைத் தம் மேலாடைக்குள் வைத்திருந்தார். விமானம் பம்பாயில் நின்றது. வழிச்செல்லும் தங்கத்தையும் விமானச் சரக்குப் பட்டியலில் குறிப்பிட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் புதிய அறிவிப்பு நவம்பர் 24 அன்றுதான் அரசிதழில் வெளியாகியிருந்தது; அவர் வந்தது 28ஆம் நாள். அறிவிப்பைப் பற்றி அவருக்குத் தெரியாது. பெரும்பான்மை நீதிபதிகள் அவரைக் குற்றவாளி என்றனர். நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டார். நாதுலால் எதிர் மத்தியப் பிரதேச மாநிலம் வழக்கிலோ, உரிமத்திற்கு விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டி, அது கிடைத்துவிடும் என நம்பித் தானியம் வைத்திருந்த வணிகரை அதே நீதிமன்றம் விடுவித்தது.

பொருளாதாரக் குற்றங்களில் குற்றமனத்தைத் தளர்த்துவதற்கு நிருவாகக் காரணங்கள் உண்டு. ஆயினும் ஜார்ஜ் வழக்கில் தண்டனையை அதுவரை சிறையில் கழித்த காலமாக நீதிமன்றமே குறைத்துக்கொண்டது, தீர்ப்பின் உள்ளிருந்த தயக்கத்தைக் காட்டுகிறது என்றே கூறத் தோன்றுகிறது.

தவறான நம்பிக்கையும் குற்றமனத்தை நீக்கும். உண்மைநிலை பற்றிய பிழையான எண்ணத்தால், தான் செய்வது சட்டப்படி சரி என நல்லெண்ணத்துடன் நம்பியவரை 79ஆவது பிரிவு காக்கிறது. இங்கு ‘நல்லெண்ணம்’ என்பதை அகராதிப் பொருளில் கொள்ளுதல் கூடாது. பொதுக் கூறுகள் சட்டம் (1897) நேர்மையாகச் செய்யப்பட்டது எதுவும், கவனக்குறைவுடன் செய்யப்பட்டதாயினும், நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டதே என்கிறது. தண்டனைச் சட்டமோ உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாத செயல் நல்லெண்ணத்தின்பாற்பட்டதன்று என்கிறது. சிலப்பதிகாரத்துப் பாண்டியனைத் தமிழ்ப் படிப்போர் இங்கு நினைவுகூராமல் இருத்தல் அரிது. கோவலன் கள்வன் என்று அவன் மெய்யாகவே நம்பினான்; நேர்மையின்மை அவனிடம் இல்லை. ஆனால் பொற்கொல்லன் சொல்லைத் தவிர வேறெதனையும் அவன் கேட்கவில்லை. பொதுக் கூறுகள் சட்டத்தின் அளவுகோலில் அவனுக்கு இடமுண்டு. தண்டனைச் சட்டத்தின் அளவுகோலில் இல்லை. காப்பியம் இரண்டாவது அளவுகோலின் பக்கமே நிற்கிறது.

குறி தவறிய நஞ்சு

செயலும் மனமும் ஒருவரிடத்தில் இருந்தும் அவை ஒரே இலக்கில் சேராத நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் 1912இல் எதிர்கொண்டது. முஷ்ணூரு சூரியநாராயண மூர்த்தி வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவர் தமக்கு அறிமுகமான ஒருவர் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்துவைத்து, அவருக்கு நஞ்சு கலந்த அல்வாவைக் கொடுத்தார். அவர் சிறிது உண்டு, மீதியை ஒதுக்கி எறிந்தார், உயிர் பிழைத்தார். எறியப்பட்டதை எடுத்துத் தின்ற ஒரு சிறுமி இறந்தாள். சிறுமியின் சாவை அவர் விரும்பவில்லை. அவள் தின்பதை அறியவும் இல்லை.

நீதிபதிகள் பென்சனும் சுந்தரம் ஐயரும் கருத்து வேறுபட்டதால் வழக்கு மூன்றாம் நீதிபதி ரஹீமிடம் சென்றது. ரஹீம் பென்சனுடன் உடன்பட, சிறுமியைக் கொலைசெய்த குற்றம் உறுதியாயிற்று. ஒருவரைக் கொல்லும் உள்நோக்கத்துடன் செய்த செயலால் மற்றொருவர் இறப்பினும் குற்றத்தின் தன்மை மாறாது என்னும் கொள்கை 301ஆவது பிரிவில் உள்ளது. சுந்தரம் ஐயரின் மறுப்பு இன்றும் படிக்கத்தக்கது. இடையில் வேறொருவரின் செயல் புகுந்துவிட்டபின் காரணச் சங்கிலி எதுவரை நீளும் என்பதே அவர் எழுப்பிய ஐயம்.

இவ்வழக்கில் மனம் ஒருவரை நோக்கியது, செயல் மற்றொருவரைத் தாக்கியது. ஆனால் நஞ்சு கொடுத்த அந்நேரத்தில் கொலைமனம் இருந்தது. காலத்தால் இரண்டும் பிரியவில்லை.

காலத்தால் பிரிந்த செயலும் மனமும்

பழனி கவுண்டன் எதிர் பேரரசர் (1919) வழக்கின் நிகழ்வு சுருக்கமானது. கணவன் தன் மனைவியின் தலையில் கலப்பையின் கொழுவால் அடித்தான். அவள் நினைவிழந்து வீழ்ந்தாள். இறந்துவிட்டாள் என்று எண்ணிய அவன், அவள் தூக்கிட்டுக்கொண்டதாகக் காட்டும் பொருட்டு அவளைக் கயிற்றால் உத்தரத்தில் தொங்கவிட்டான். அடியினால் அவள் இறக்கவில்லை. கழுத்து இறுகியதால்தான் இறந்தாள். முதல் அடி மரணம் விளைவிக்கக்கூடியது என அவன் அறிந்திருந்ததாகவும் நிறுவப்படவில்லை.

தலைமை நீதிபதி வாலிஸ் தலைமையிலான முழு ஆயத்தின் முன் இவ்வினா வைக்கப்பட்டது. 299ஆவது பிரிவு மரணம் விளைவிக்கும் உள்நோக்கத்துடனோ, மரணம் விளைவிக்கக்கூடிய உடற்காயம் விளைவிக்கும் உள்நோக்கத்துடனோ, அச்செயலால் மரணம் விளையக்கூடும் என்ற அறிவுடனோ செய்யும் செயலால் மரணம் நேர்வதை வரையறுக்கிறது. மரணத்தை விளைவித்த செயல் தூக்கிடுதல். அதனைச் செய்தபோது அவன் மனத்தில் இருந்தது ஒரு பிணம். பிணத்தைக் கொல்ல எவரும் கருத முடியாது. ஆகவே உள்நோக்கத்தை அவன் நம்பிய நிலைமையைக் கொண்டே அளவிட வேண்டும் என முழு ஆயம் கூறியது. அவன் கொலையோ, கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றமோ இழைக்கவில்லை. தொடக்கத்தில் மனைவியைத் தாக்கியதற்கும், பொய்ச் சாட்சியம் உருவாக்க முயன்றதற்கும் மட்டுமே தண்டிக்கப்படலாம் என்பது முடிவு.

முதன்முறை படிப்போர்க்கு இது அதிர்ச்சி தரும். ஒருத்தி கணவன் கையால் இறந்தாள். அவன் அடித்ததற்குத்தான் தண்டனை, கொன்றதற்கு இல்லை. அவன் தன் குற்றத்தை மறைக்கச் செய்த சூழ்ச்சியே அவனைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்துவிட்டது போன்ற தோற்றமும் எழுகிறது. ஆனால் முழு ஆயத்தின் வாதத்தில் ஓட்டை காண்பது எளிதன்று. அவன் அடித்ததோடு நின்றிருந்தால், அவள் பிழைத்திருக்கக்கூடும். அப்போது அவன்மீது தாக்குதல் குற்றம் மட்டுமே சாரும். பின்னர் நிகழ்ந்த தூக்கிடலில் கொலைமனம் இல்லை. இல்லாத கொலைமனத்தை இரண்டிலும் கூட்டினாலும் கொலைமனம் பிறக்காது.

தொடக்கத்திலேயே கொல்லும் கருத்து இருந்தால் என்ன? பம்பாய் உயர் நீதிமன்றம் 1890இல் கண்டூ வழக்கில் இதனைக் கண்டது. மாமனாரைக் கொல்லும் கருத்துடன் தலையில் அடித்து வீழ்த்தியவன், இறந்துவிட்டார் என எண்ணி அவர் கிடந்த குடிசைக்குத் தீயிட்டான். சாவுக்குத் தீயே காரணம். பெரும்பான்மையோர் இது கொலைமுயற்சி மட்டுமே என்றனர். நீதிபதி பார்சன்ஸ் கொலை என்றார். சென்னை உயர் நீதிமன்றம் இவ்வழியைப் பின்பற்றவில்லை. காளியப்ப கவுண்டன் வழக்கில் (1933) தாக்கப்பட்ட பெண்ணை இறந்தவள் எனக் கருதி இருப்புப்பாதையில் கிடத்தினர். இரயில் ஏறி அவள் இறந்தாள். தவமணி வழக்கில் (1943) தாக்கப்பட்ட பெண் கிணற்றில் எறியப்பட்டாள். இரண்டிலும் கொலைக்குற்றமே என நீதிமன்றம் முடிவு செய்தது. கொல்லும் கருத்துடன் தொடங்கிய தாக்குதலும் உடலை அப்புறப்படுத்தியதும் ஒரே நிகழ்வின் பகுதிகள். ஆதலின் தொடக்கத்து உள்நோக்கம் முடிவுவரை நிலைக்கிறது. பழனி கவுண்டன் வழக்கில் எக்கட்டத்திலும் கொல்லும் கருத்து இல்லை என்பதே வேறுபாடு.

இலண்டன் பிரிவி கவுன்சில் இதே முடிவுக்கு 1954இல்தான் வந்தது. பசூட்டோலாந்திலிருந்து சென்ற தாபோ மெலி மேல்முறையீட்டில், திட்டமிட்டுத் தாக்கியபின், இறந்தார் என எண்ணிப் பாறையிலிருந்து உருட்டிவிடப்பட்டவர் குளிரிலும் வெளியிலும் கிடந்து இறந்தார். அது கொலையே எனப்பட்டது. சட்டக் கல்லூரிகளில் இவ்விதி தாபோ மெலியின் பெயராலேயே பெரிதும் கற்பிக்கப்படுகிறது. தவமணி தீர்ப்பு அதற்கு 11 ஆண்டுகள் மூத்தது என்பதை நம் ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லலாம்.

‘ஒரே நிகழ்வு’ என்னும் அளவுகோலின் வரம்பு

இவ்விதியின் நியாயம் புரிகிறது. அதன் சட்ட அடித்தளம் அவ்வளவு தெளிவாக இல்லை. 33ஆவது பிரிவின்படி பல செயல்கள் ஒரு செயலாகக் கொள்ளப்படலாம் என்பது துணைநிற்கும். ஓம் பிரகாஷ் வழக்கில் பட்டினி போட்ட ஒவ்வொரு நாளும் ஒரே கருத்தின் வெளிப்பாடு. அங்கே தொடர்ச்சி இயல்பானது. கிணற்றில் எறிதலோ வேறு கருத்துடன் செய்யப்படுவது: கொல்வதற்காக அன்று, மறைப்பதற்காக. அடித்தபின் இரு நாள் கழித்து உடலை அப்புறப்படுத்தினால் அதுவும் ஒரே நிகழ்வா? மறைக்கும் திட்டம் முன்பே வகுக்கப்பட்டிருந்தால்தான் தொடர்ச்சி உண்டா, அல்லது அச்சத்தில் திடீரெனத் தோன்றியதாயினும் போதுமா? இவற்றுக்கு நேரடியான விடையை 299ஆவது பிரிவின் சொற்களில் காண இயலாது.

எனினும் கண்டூ வழக்கின் பெரும்பான்மை முடிவைவிடச் சென்னைத் தீர்ப்புகளே ஏற்கத்தக்கன. கொல்ல முனைந்தவன் கொன்றே விட்டான். எந்த நொடியில் உயிர் பிரிந்தது என்பதில் மட்டுமே அவன் பிழைபட்டான். அப்பிழை அவனுடைய குற்றத்தைக் குறைக்க எக்காரணமும் இல்லை. பழனி கவுண்டன் வழக்கிலோ பிழை நொடியைப் பற்றியதன்று. தான் கையாள்வது உயிருள்ள மனிதரா என்பதைப் பற்றியது. அதற்கு முன் கொலைமனமும் இல்லை.

ஆனால் முழு ஆயத்தின் முடிவில் ஓரிடம் நிறைவு தருவதாக இல்லை. கொலைமனம் இல்லை என்பதனால் மரணத்திற்குப் பொறுப்பே இல்லை என்றாகிவிடுமா? தண்டனைச் சட்டத்தில் 1870இல் சேர்க்கப்பட்ட 304அ பிரிவு, மரணம் விளைவிக்கும் குற்றம் ஆகாத முரட்டுத்தனமான அல்லது கவனக்குறைவான செயலால் மரணம் நேர்வதைத் தண்டிக்கிறது. நினைவிழந்து கிடப்பவள் இறந்தவளா எனச் சிறிதும் ஆராயாமல் கழுத்தில் கயிற்றை மாட்டுவது, உரிய கவனமுள்ள எவரும் செய்யாதது. மூச்சு வருகிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும். இங்கிலாந்து நீதிமன்றம் 1965இல் சர்ச் வழக்கில் ஏறத்தாழ இத்தகைய நிலைமையில், தாக்குண்டு நினைவிழந்த பெண்ணை இறந்தவள் என நம்பி ஆற்றில் எறிந்தவனைக் கொலைக்குற்றத்திலிருந்து விடுவித்தாலும், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தை உறுதிசெய்தது. அந்நாட்டுச் சட்டத்தில் அக்குற்றத்தின் எல்லை விரிவானது; அதனை அப்படியே இங்குக் கொணர இயலாது. ஆனால் 304அ பிரிவு நம் சட்டத்திலேயே உள்ளது.

2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 299ஆவது பிரிவின் வரையறையை 100ஆவது பிரிவாகவும், 300ஐ 101ஆகவும், 301ஐ 102ஆகவும் எண் மாற்றி வைத்துள்ளது. உள்நோக்கம், அறிவு ஆகிய சொற்கள் அப்படியே உள்ளன. செயலும் மனமும் காலத்தால் பிரியும் நிலைமைக்கென ஒரு விளக்கமோ எடுத்துக்காட்டோ சேர்க்கப்படவில்லை. ஆகவே காளியப்ப கவுண்டன், தவமணி ஆகிய தீர்ப்புகளின் துணையின்றி 100ஆவது பிரிவை இத்தகைய வழக்கில் பொருள்கொள்ள முடியாது. 304அ பிரிவு இப்போது 106(1) ஆகியுள்ளது. அதன் உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தப்பட்டுள்ளது. பழனி கவுண்டன் வழக்கை ஒத்த நிகழ்வு இன்று நீதிமன்றத்தின் முன் வருமாயின், அரசுத் தரப்பு கொலைக்குற்றத்தோடு 106(1)ஐயும் மாற்றுக் குற்றச்சாட்டாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அவ்வாறு சேர்க்கும்போது, குற்றத்தை மறைக்கும் கருத்துடன் வேண்டுமென்றே செய்த ஒரு செயலைக் ‘கவனக்குறைவான செயல்’ என அழைக்க முடியுமா என்ற எதிர்வாதத்தையும் அது சந்திக்க நேரும். தூக்கிட்டது வேண்டுமென்றே, ஆனால் உயிர் இருக்கிறதா என ஆராயாதது கவனக்குறைவு. இவ்விரண்டையும் பிரித்துக் காணும் நீதிமன்றத்திற்கு 106(1) தடையாக இராது.